முதுகில் மூன்று தடவை கதிர், மண்ணீரலில் கரைந்த கட்டி

நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 2011 ஏப்ரலில் எடுத்த ஒரு சிடி ஸ்கேனிலிருந்து ஆரம்பிக்கலாம். முதுகெலும்பை ஒட்டியிருந்த கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நான்கு மாதம் முன்பு அதற்குத்தான் கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். ஆனால் வலது நுரையீரலின் வாசலில் நெறி கட்டியிருந்த நிணநீர்க் கணுக்களும், இடப்பக்கம் விலாவுக்குக் கீழே மண்ணீரலில் இருந்த கட்டிகளும் கூடவே சுருங்கியிருந்தன. அந்த இரண்டு இடத்துக்கும் யாரும் கதிர் வைக்கவில்லை.

மைக்கேல் போஸ்டோவ், ஜெட் வோல்சாக் உள்ளிட்ட குழு இதை 2012 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டது. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை அது. வெளிவந்ததிலிருந்து கதிர்வீச்சுத் துறையில் அதைப் படிக்காதவர் குறைவு. கட்டியில் கதிர் பட்டால் உள்ளே இருக்கும் செல்கள் என்ன செய்கின்றன, சுற்றியிருப்பவை என்ன செய்கின்றன என்று விளக்குவதற்கு இதைவிட வசதியான கேஸ் எனக்குத் தெரியாது. அதே சமயம், இந்த கேஸை வைத்துக்கொண்டு பலரும் சொல்வதை எல்லாம் நம்பிவிடவும் முடியாது. இரண்டையும் பார்க்கலாம்.

நோயாளி

2004இல், 33 வயதில், அந்தப் பெண்ணின் மேல்முதுகில் மெலனோமா கண்டுபிடிக்கப்பட்டது. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வரும் புற்று. ஆழம் 1.53 மில்லிமீட்டர், ஒரு நாணயத்தின் கனம்தான். வெட்டி எடுத்தார்கள். நோய் முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவைச் சோதித்ததில் நோய் இல்லை. நாலு வருஷம் அமைதி.

2008இல் வழக்கமாக எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் கீழ்மடலில் ஒரு புள்ளி தெரிந்தது. அதே மெலனோமா. கீமோ கொடுத்து, 2009 தொடக்கத்தில் அந்த மடலையே எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் தாங்கவில்லை. ஆகஸ்ட் ஸ்கேனில் நுரையீரல் உறையை ஒட்டி, முதுகெலும்பின் ஓரத்தில் ஒரு கட்டி. வலது நுரையீரல் வாசலில் வீங்கிய கணுக்கள்.

செப்டம்பரில் நோய் எதிர்ப்பைத் தூண்டும் இபிலிமுமாப் என்ற மருந்தின் சோதனையில் அவரைச் சேர்த்தார்கள். அப்போது அது கடைக்கு வராத மருந்து; அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2011 மார்ச்சில்தான். கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு டோஸ், அப்புறம் 12 வாரத்துக்கு ஒரு தடவை. நோய் கொஞ்ச காலம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மெல்ல நகர்ந்தது. 2010 நவம்பரில் முதுகுக் கட்டி பெரிதாகியிருந்தது, மண்ணீரலில் புதிதாகக் கட்டிகள் தெரிந்தன.

டிசம்பரில் முதுகுக் கட்டிக்கு மட்டும் கதிர்வீச்சு. 9.5 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம் மூன்று தடவை, ஏழு நாளுக்குள். மொத்தம் 28.5 கிரே. 2011 பிப்ரவரியில் இபிலிமுமாப் இன்னொரு டோஸ். இந்தப் பிப்ரவரி ஊசியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஏப்ரல் ஸ்கேனில் கண்டதை மேலே சொல்லிவிட்டேன். அக்டோபரில், கதிர் கொடுத்துப் பத்து மாதம் ஆன பிறகும், மிச்சமிருந்த சிறு நோய் வளராமல் அப்படியே இருந்தது.

கருகுவதில்லை

நம் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சையைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். ஷாக் கொடுத்துக் கட்டியைக் கருக்குகிறார்கள் என்ற படம் அந்தப் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு கிரே என்பது ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல். 9.5 கிரே அந்தத் திசுவின் சூட்டை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் ஏற்றும். ஒரு வாய் காபி இதைவிட அதிகம் சுடும்.

சேதம் நடப்பது சூட்டால் இல்லை, அந்த ஆற்றல் போய் விழும் இடத்தால். எக்ஸ் கதிர் திசுவில் எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அவற்றில் சில நேரே டிஎன்ஏவை உடைக்கும். பெரும்பாலானவை செல்லில் நிறைந்திருக்கும் தண்ணீரை உடைத்து ஹைட்ராக்சில் ரேடிகல்களை உண்டாக்கும். டிஎன்ஏவைப் போய்த் தாக்குவது அவை. ஒரு கிரேவுக்கு ஒரு செல்லில் டிஎன்ஏவின் ஒற்றை இழை சுமார் ஆயிரம் இடத்தில் அறுகிறது. இரண்டு இழையும் சேர்ந்து அறுவது 30 முதல் 40 இடத்தில். ஒற்றை இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்து செல் தைத்துக்கொள்ளும். இரண்டும் அறுந்தால் பார்த்து எழுத மூலப்படி இல்லை. 9.5 கிரே என்றால் ஒரே தடவையில் ஒரு செல்லுக்கு 300, 400 இரட்டை அறுப்பு.

அப்படியும் செல் உடனே சாவதில்லை. பெரும்பாலான கட்டி செல்கள் கதிர் பட்ட மறுநாள் நுண்ணோக்கியில் நல்லபடியாகவே தெரியும். புரதம் செய்யும், சர்க்கரை எரிக்கும். அடுத்த தடவை இரண்டாகப் பிரியும்போதுதான் குட்டு வெளிப்படும். சில செல்கள் ஒன்றிரண்டு தடவை பிரிந்துவிட்டுக்கூடச் சாகும். கரண்ட் வைத்து முடித்த வாரமே "கட்டி அப்படியே இருக்கே டாக்டர்" என்று வீட்டார் கலங்குவது இதனால்தான். பார்க்க அப்படியே இருந்தாலும் உள்ளே பல செல்களுக்கு ஏற்கெனவே நாள் குறித்தாகிவிட்டது.

கட்டிக்குள் ஒரே ஜாதி செல் இல்லை

மெலனோமா கட்டி என்றால் முழுக்க மெலனோமா செல்கள் என்று நினைப்போம். உள்ளே ரத்தக்குழாய், அதன் உட்சுவர் செல்கள், நார் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள், குப்பை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள், எதிரியைத் தேடிக் கொல்லும் டி செல்கள், அவற்றுக்கு ஆள் அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் எல்லாம் குடியிருக்கின்றன. கதிர் வந்தால் ஆள் பார்த்து விழுவதில்லை. எல்லோருக்கும் ஒரே 9.5 கிரேதான். வாங்கிக்கொள்ளும் விதம் ஆளுக்கு ஆள் வேறு.

முதலில் கட்டி செல்களுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம். 1953இல் இங்கிலாந்தில் எல்.எச். கிரேயும் கூட்டாளிகளும் ஆக்சிஜன் இருக்கும்போது கதிரின் அடி எவ்வளவு கூடுகிறது என்று விரிவாக எழுதினார்கள். கதிரின் அளவுக்கு அவர் பெயரைத்தான் பிற்பாடு வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றின் சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் இருக்கும் பக்கம் உயிரோடு செல்கள். அங்கிருந்து 0.1, 0.2 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் செத்த செல்கள். இரண்டுக்கும் நடுவே, அரை வயிற்று ஆக்சிஜனோடு, சாகாமலும் செழிக்காமலும் ஒரு வரிசை.

அதுதான் கட்டியின் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் ஓடினாலும் அங்கே வந்து சேர்வது கொஞ்சம்தான். கதிர் உண்டாக்கும் ரேடிகல் டிஎன்ஏவில் போட்ட காயத்தை ஆறவிடாமல் நிலைக்கவைப்பது ஆக்சிஜன். அது இல்லாத இடத்தில் அதே அளவு சாவுக்கு இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு கதிர் வேண்டும். நல்ல பாசனம் உள்ள செல்கள் முதலில் சாகும், கடைமடை தப்பிக்கும். ஆனால் முன்வரிசை செத்தபின் ஆக்சிஜனைக் குடிக்க ஆள் குறைவு, மிச்சம் பின்வரிசைக்கு வரும். அடுத்த டோஸில் அவையும் மாட்டும். கதிரை ஒரே நாளில் கொட்டாமல் பிரித்துக் கொடுப்பதன் காரணங்களில் இது ஒன்று. அந்தப் பெண்ணுக்கு மூன்று டோஸையும் ஏழு நாளில் பரப்பியது இதற்கும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும்.

அடுத்து லிம்ஃபோசைட்டுகள், அதாவது டி செல்களும் சேர்ந்த எதிர்ப்புச் செல் குடும்பம். வேகமாகப் பிரியும் செல்தான் கதிருக்குச் சுலபமாகச் சாகும் என்று 1906இல் பெர்கோனியேயும் திரிபோந்தோவும் பிரான்சில் ஒரு விதி சொன்னார்கள். இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை மீறும் பெரிய விதிவிலக்கு லிம்ஃபோசைட். சும்மா உட்கார்ந்திருக்கும் லிம்ஃபோசைட்டுக்கு ஒன்றிரண்டு கிரே போதும். பிரியும்வரைகூடக் காத்திருக்காமல் சில மணி நேரத்தில் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் கதிர்வீச்சு நோய் எதிர்ப்பைக் கெடுக்கும் சிகிச்சை. பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் அப்படித்தான் நினைத்தது. ஆனால் கட்டிக்குள் ஏற்கெனவே நெடுநாள் குடியிருக்கும் டி செல்கள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை என்று 2019இல் சிகாகோவில் எலிகளில் காட்டினார்கள். கட்டியின் சூழலும் அங்கே ஊறிக்கிடக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதமும் அவற்றின் குணத்தை மாற்றி உரம் ஏற்றிவிடுகின்றன. கதிர் வாங்கியும் நகர்ந்தன, வேலை செய்தன.

ஃபைப்ரோபிளாஸ்ட் வேறு மாதிரி. அது சாகாது. கிழடுதட்டும். பிரிவதை நிறுத்திவிட்டு, சுற்றியிருப்பவர்களுக்குச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டு, நார் நெய்துகொண்டே இருக்கும். திசுவில் பூட்டிவைத்த டிஜிஎஃப்-பீட்டாவைக் கதிரே திறந்துவிடுகிறது. அந்தப் புரதம் ஃபைப்ரோபிளாஸ்ட்டை இன்னும் நெய்யச் சொல்கிறது, டி செல்லை அடங்கி இருக்கச் சொல்கிறது. கதிர் வாங்கிய இடத்துத் தோலையும் தசையையும் மாதங்கள் கழித்துத் தொட்டால் கட்டை மாதிரி இருப்பது இந்த நெசவால்.

ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை. டோஸ் 8, 10 கிரேவைத் தாண்டினால் குழாயின் செல்கள் வேகமாகச் சாகின்றன, அதனால்தான் கட்டியும் சாகிறது என்று 2003இல் ஒரு குழு எழுதியது. கட்டி செல்லின் டிஎன்ஏ சேதமே கணக்குக்குப் போதும் என்று மறுப்பவர்கள் உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்வேன், ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

மேக்ரோஃபேஜ்கள் கதிருக்கு அசருவதில்லை. செத்த செல்களை அள்ளப் புதிதாகவும் வந்து குவிகின்றன. அள்ளுவது நல்ல காரியம்தான். ஆனால் கட்டிக்குள் வந்தவுடன் அவற்றில் பல ஆறுதல் வேலையில் இறங்கிவிடும்: வீக்கத்தை அடக்கு, புதுக் குழாய் போடு, காயத்தை மூடு. காயம் ஆற்றும் அதே கைதான் மிச்சமிருக்கும் கட்டிக்கும் சோறு போடுகிறது.

உடைந்த துண்டு போடும் கூச்சல்

இனி அந்த முதுகுக் கட்டியின் ஒரு செல்லைக் கிட்டே போய்ப் பார்ப்போம். கதிர் வாங்கி இரண்டு மூன்று நாள் ஆகிறது. எல்லாவற்றையும் தைத்து முடிக்காமலே அது பிரியத் தொடங்குகிறது. குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டுகின்றன, இரண்டு முனையிலிருந்தும் நூல்கள் பிடித்து இழுக்கின்றன. அறுந்த துண்டுக்கு நூல் பிடிக்கும் காது இல்லை. அது நடுவழியில் நிற்கும். இரண்டு சேய் செல்களின் கருவும் சுவர் எழுப்பி முடிக்கும்போது துண்டு வெளியே மாட்டிக்கொள்கிறது. அதைச் சுற்றி ஒரு குட்டிச் சுவர், ஒரு குட்டிக் கரு. அந்தச் சுவர் மட்டம். சீக்கிரம் கிழியும். கிழிந்தால் டிஎன்ஏ, இருக்கவே கூடாத இடத்தில், செல்லின் கூழில் கொட்டிக் கிடக்கும்.

கூழில் டிஎன்ஏ கிடந்தால் செல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: வைரஸ் புகுந்துவிட்டது. அதைத் தடவிக் கண்டுபிடிக்க 'சிகாஸ்' என்ற புரதம் இருக்கிறது. 2013இல் டெக்சாஸில் ஜிஜியன் சென்னின் ஆய்வகம் கண்டுபிடித்தது. சிகாஸ் டிஎன்ஏவைத் தொட்டதும் 'ஸ்டிங்' என்ற அடுத்த புரதத்தை எழுப்பும். ஸ்டிங், வைரஸ் வந்ததாக எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைக் கிளப்பும். இத்தனை நாள் சத்தம் காட்டாமல் வளர்ந்த கட்டி செல், கதிர் பட்டபின் வைரஸ் பிடித்த செல் மாதிரி ஊரைக் கூட்டுகிறது.

சாகும் செல் வேறு சில அடையாளங்களையும் வெளியே போடுகிறது. உள்ளே இருக்கவேண்டிய கால்ரெட்டிகுலின் என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து "என்னை விழுங்கு" என்கிறது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கசிகிறது, கருவுக்குள் இருக்கும் ஹெச்எம்ஜிபி1 என்ற புரதம் வெளியேறுகிறது. உயிரோடு இருக்கும் பக்கத்துச் செல்களும் கதிர் வாங்கியபின் தங்கள் புரதத் துண்டுகளைத் தோளில் முன்பைவிட அதிகமாகத் தூக்கிக் காட்டுகின்றன. டென்ட்ரிடிக் செல் இதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. அங்கே டி செல்லுக்குப் படம் காட்டி, இவனைத் தேடு என்கிறது.

அந்த டி செல் ரத்தத்தில் ஏறினால் அதற்கு முதுகு, மண்ணீரல் என்ற எல்லை கிடையாது. கதிர் பட்ட இடத்துக் கட்டியின் படமும் படாத இடத்துக் கட்டியின் படமும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் தேடிப் போகும். 1953லேயே ஆர்.எச். மோல் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தூரத்தில் நடக்கும் இந்த விளைவுக்கு 'அப்ஸ்கோபல்' என்று பெயர் வைத்தார். இலக்கை விட்டு விலகி, என்று பொருள். அவர் பெயர் வைக்கும்போது காரணம் தெரியாது.

எதிர்ப்புச் சக்தியின் வேலைதான் இது என்பதை நியூயார்க்கில் சாண்ட்ரா டிமாரியாவின் குழு 2004இல் எலிகளில் காட்டியது. எலியின் இரண்டு விலாவிலும் ஒரே மார்புப் புற்றை வளர்த்து, ஒன்றுக்கு மட்டும் கதிர் கொடுத்தார்கள். டென்ட்ரிடிக் செல்களைப் பெருக்கும் ஒரு மருந்தும் சேர்த்தார்கள். கதிர் படாத பக்கத்துக் கட்டியின் வளர்ச்சியும் தடைப்பட்டது. டி செல் இல்லாத எலியில் தடைப்படவில்லை. இன்னொரு விலாவில் வேறு வகைப் புற்றை வைத்தபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் பிடித்தது. உடம்பு முழுக்கப் பரவும் ஏதோ ஒரு ரசாயனம் என்றால் எந்தக் கட்டியையும் விட்டிருக்காது.

பக்கத்து வீட்டு விளைவு என்று இன்னொன்று உண்டு, இதோடு குழப்பக் கூடாது. நாகசாவாவும் லிட்டிலும் 1992இல் ஒரு தட்டில் வளர்ந்த செல்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றின் கருவை மட்டும் ஆல்ஃபா துகள் கடக்கும்படி செய்தார்கள். குரோமோசோம் மாற்றம் தெரிந்ததோ சுமார் 30 சதவீத செல்களில். அடிபட்டவை பக்கத்திலிருப்பவற்றுக்கு எதையோ கடத்துகின்றன. அது தெருவோடு நிற்கும் சங்கதி, மண்ணீரல்வரை போகாது.

அப்படியானால் ஏன் தினமும் நடப்பதில்லை?

உலகத்தில் லட்சக்கணக்கானோர் வருஷாவருஷம் கதிர்வீச்சு வாங்குகிறார்கள். 1969 முதல் 2014 வரை வெளியான அப்ஸ்கோபல் கேஸ்களை ஒரு குழு திரட்டியபோது கிடைத்தவை 46. எழுதப்படாமல் போனவை இருக்கும், என்றாலும் அரிதுதான்.

கூச்சல் கிளம்பும்போதே அதை அமுக்கும் கைகளும் கிளம்பிவிடுகின்றன. இன்டர்ஃபெரான் வந்தால் கட்டி செல் பிடி-எல்1 என்ற தடைப்பலகையைத் தூக்குகிறது. டிஜிஎஃப்-பீட்டா, மேக்ரோஃபேஜ் கதைகளை மேலே பார்த்தோம். நிணநீர்க் கணுவில் டி செல்லுக்கே சிடிஎல்ஏ-4 என்ற பிரேக் இருக்கிறது. டென்ட்ரிடிக் செல் கொடுக்கும் "போ" என்ற சமிக்ஞையை இந்த பிரேக் பிடுங்கிக்கொள்ளும். அதை ஒரு ஆன்டிபாடியால் அடைத்தால் எலியில் கட்டி கரையும் என்று ஜேம்ஸ் அலிசனின் ஆய்வகம் 1996இல் காட்டியது. மனிதருக்கு அந்த ஆன்டிபாடிதான் இபிலிமுமாப். அலிசனுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் பேசும் கேஸ் அறிக்கையின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர்.

ஆக அந்தப் பெண்ணின் உடம்பில் கதிர் விழும்போது பிரேக் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. மருந்து மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தும் நோய் நகர்ந்தது. டி செல்லுக்குக் காட்டப் புதுப் படம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கதிர் படத்தைக் கொடுத்தது, மருந்து பிரேக்கை எடுத்தது: அறிக்கையைப் படிப்பவர்கள் சொல்லும் கதை இது.

இந்தக் கதைக்கு ரத்தத்தில் தடயம் தேடினார்கள். மருந்துச் சோதனையில் இருந்தவர் என்பதால் வெவ்வேறு தேதிகளில் எடுத்த ரத்த மாதிரிகள் கையில் இருந்தன. என்.ஒய்.-எசோ-1 என்ற புரதம் சாதாரணமாக விந்தகத்தில் மட்டும் இருப்பது. சில மெலனோமாக்கள் அதை எடுத்து வைத்துக்கொள்ளும். அதற்கு எதிரான ஆன்டிபாடி அவர் ரத்தத்தில் கதிர்வீச்சுக்குப் பிறகு 30 மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. வேறு சில புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளும் கூடியிருந்தன. டி செல்களை அடக்கும் ஒரு வகை மைலாய்டு செல்கள் குறைந்திருந்தன. தூண்டப்பட்ட சிடி4 டி செல்கள் மறுபடி ஏறியிருந்தன. ஆன்டிபாடி நேராகக் கட்டியைக் கொன்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை. புகை தெரிகிறது, அடுப்பு எரிந்திருக்க வேண்டும்; அந்த அளவுக்குத்தான்.

சந்தேகங்கள்

பெரிய சந்தேகம் பிப்ரவரி ஊசி. கதிர் டிசம்பரில், ஊசி பிப்ரவரியில், ஸ்கேன் ஏப்ரலில். ஊசியே போதுமானதாக இருந்திருக்கலாமே? இபிலிமுமாப் சோம்பேறி மருந்து. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்து திடீரென்று கட்டி சுருங்கிய நோயாளிகள் உண்டு. மறுபக்கம், 2010இல் வெளியான பெரிய சோதனையில் இந்த மருந்தை மட்டும் வாங்கியவர்களில் கட்டி சுருங்கியது 10.9 சதவீதத்தினருக்கு. ஒரு வருஷமாகப் பலன் தராத மருந்து கதிர் கொடுத்த நான்கு மாதத்துக்குள் தற்செயலாக விழித்துக்கொண்டது என்றால் அதுவும் நம்பக் கஷ்டம். நடக்கவே நடக்காதா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. ஒரு நோயாளியில் இரண்டையும் பிரிக்க வழி இல்லை. ஆசிரியர்களும் கதிர்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. காலத்தால் ஒட்டி வருகிறது என்றுதான் எழுதினார்கள். அந்த அடக்கத்தை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் தொலைத்துவிட்டார்கள்.

சிதறிய கதிர் மண்ணீரலில் பட்டிருக்கலாம் என்று ஒரு வாதம் எழும். கதிர்த்திட்டத்துக்கு வெளியே சிதறுவது துளி அளவு. மெலனோமா கதிருக்கு அடங்காத புற்று என்று பெயர் வாங்கியது, துளியில் கரையாது.

டோஸ் பற்றிய கேள்வி இதைவிடச் சுவையானது. டிமாரியா குழு 2009இல் எலிகளில் சிடிஎல்ஏ-4 தடுப்போடு 20 கிரேவை ஒரே தடவையிலும், 8 கிரேவை மூன்று தடவையிலும், 6 கிரேவை ஐந்து தடவையிலும் கொடுத்துப் பார்த்தது. கதிர் பட்ட கட்டியை எல்லாமே அடக்கின. தூரத்துக் கட்டியைத் தொட்டது பிரித்துக் கொடுத்தவை மட்டும்; அதில் 8 கிரே மூன்று தடவை முன்னே நின்றது. ஏன் என்று 2017இல் பதில் வந்தது. டோஸ் 12 முதல் 18 கிரேவைத் தாண்டினால் செல் ட்ரெக்ஸ்1 என்ற கத்தரியை நிறையச் செய்கிறது. அந்தக் கத்தரி கூழில் கொட்டிய டிஎன்ஏவை நறுக்கித் தீர்த்துவிடும். சிகாஸுக்குத் தொட எதுவும் மிஞ்சாது, கூச்சல் அடங்கிவிடும். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த 9.5 கிரே அந்த வரம்புக்குக் கீழேதான் விழுகிறது. 2010இல் டோஸை முடிவு செய்தவர்களுக்கு ட்ரெக்ஸ்1 கணக்கு தெரிந்திருக்க வழியில்லை. அதிர்ஷ்டமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். எலியின் வரம்பு மனிதருக்கும் அதேதானா என்பது வேறு விஷயம்.

பிறகு நடந்த சோதனைகள்

ஒரு கேஸ் கிளப்பிய ஆசையைச் சோதனைகள் ஒரே மாதிரி நடத்தவில்லை. நெதர்லாந்தில் பரவிய நுரையீரல் புற்று உள்ள 76 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு பெம்ப்ரோலிசுமாப் (டி செல்லின் இன்னொரு பிரேக்கை எடுக்கும் மருந்து) மட்டும், மறு பாதிக்கு முதலில் ஒரு கட்டிக்கு 8 கிரே மூன்று தடவை, பிறகு அதே மருந்து. 12 வாரத்தில் கட்டி சுருங்கியது 18 சதவீதத்துக்கு எதிராக 36 சதவீதம். இரு மடங்கு, ஆனால் ஆள் குறைவு என்பதால் புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை. ஹூஸ்டனில் நடந்த இன்னொரு சோதனையோடு சேர்த்து 148 பேராகப் பார்த்தபோது கதிர் படாத கட்டிகள் சுருங்கியது 19.7க்கு எதிராக 41.7 சதவீதம். இது கொஞ்சம் கனமான எண்.

தலை, கழுத்துப் புற்றில் கதை வேறு. கீமோ, கதிர் இரண்டோடும் பிடி-எல்1 பலகையை அடைக்கும் அவெலுமாப் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்த 697 பேர் சோதனையில் பலன் இல்லை. நம்மில் பலர் இதற்குக் கணுக்களைக் காரணம் காட்டுகிறோம். தலை, கழுத்துப் புற்றில் நோய் இல்லாத கழுத்துக் கணுக்களுக்கும் முன்னெச்சரிக்கையாகக் கதிர் கொடுப்பது வழக்கம், அதுவும் ஆறு ஏழு வாரம், தினமும். டென்ட்ரிடிக் செல் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேரும் பள்ளிக்கூடமே அந்தக் கணுதான். அங்கே உட்கார்ந்திருக்கும் இளம் லிம்ஃபோசைட்டுக்கு ஒன்றிரண்டு கிரே போதும் என்று முன்பே பார்த்தோம். கட்டியிலிருந்து நிணநீர் வந்து வடியும் கணுவுக்கும் சேர்த்துக் கதிர் கொடுத்தால் எலியில் எதிர்ப்பு மங்குகிறது என்று 2018இல் காட்டியிருக்கிறார்கள். கணுவை விட்டால் நோய் அதில் திரும்பும் பயம், கொடுத்தால் பள்ளிக்கூடம் காலி. திட்டம் போடும் மேசையில் இன்று நிஜமாகவே நடக்கும் வாக்குவாதம் இது.

ஆனால் கணுவை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க விடாத சோதனை ஒன்று இருக்கிறது. நடத்தியது அதே மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங். பரவிய தலை, கழுத்துப் புற்று உள்ள 62 பேர். எல்லோருக்கும் பெம்ப்ரோலிசுமாப் வகை மருந்தான நிவோலுமாப், பாதிப் பேருக்குக் கூடவே ஒரே ஒரு கட்டிக்கு மட்டும் 9 கிரே மூன்று தடவை. முதுகுக் கட்டிக்குக் கொடுத்த டோஸுக்கு அரை கிரே மட்டும் குறைவு, கழுத்து முழுவதற்குமான வாரக்கணக்கு கதிரும் இல்லை. கதிர் படாத கட்டிகள் சுருங்கியது மருந்து மட்டும் வாங்கியவர்களில் 34.5 சதவீதம், கதிரும் சேர்த்து வாங்கியவர்களில் 29 சதவீதம்.